குறைந்த செலவில் படப்பிடிப்பு: இடமும் அனுமதியும்

நேயர்களுக்கு வணக்கம். குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்களும் திருமண ஒளிப்படக் கலைஞர்களும், வாடகை குறைவான இடம் எது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால், அந்த இடத்தில் காமிராவை வைக்க எத்தனை பேருடைய சம்மதம் வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஏனெனில், சிறிய குழுவின் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் வாடகையன்று, சம்மதம் கிடைக்காமல் வேலை நின்றுபோகும் நாள்தான்.

செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பகுதிகளில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பர்மா தேக்குத் தூண்களும் கொண்ட வளவுகளை, அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள வீட்டுப் பகுதிகளை, பார்த்ததும் எந்த ஒளிப்பதிவாளருக்கும் ஆசை வரும். ஆனால், அத்தகைய வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருப்பது வழக்கம். ஒருவர் சென்னையில் இருப்பார், இன்னொருவர் மலேசியாவில் இருப்பார். சாவி வைத்திருக்கும் காவலாளியிடமோ, ஊரில் இருக்கும் ஒரு பங்காளியிடமோ முன்பணம் கொடுத்துவிட்டுக் குழுவோடு போய் இறங்கினால், மற்றொருவர் தொலைபேசியில் மறுத்த நிமிடமே விளக்குகளை இறக்க வேண்டியதாகிவிடும். அதே ஊர்ப்பக்கம் தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட வீடுகளும் உள்ளன. அங்கே வாடகை கூடுதலாக இருந்தாலும், நிர்வாகம் ஒன்றே, ரசீதும் கிடைக்கும் என்பதால், கணக்குப் பார்த்தால் அதுவே சிக்கனமாக முடியலாம்.

மாதம் பார்த்துக் கேட்பதும் செலவைக் குறைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். தை மாதத்தில் பேசவே முடியாத வாடகையை அப்போது பேசி வாங்கலாம். தனியார் பள்ளி வேண்டுமானால் மே மாத விடுமுறையில் தாளாளரைப் பாருங்கள். வயலும் வாய்க்காலும் தேவையென்றால், பொள்ளாச்சி, கோபிச்செட்டிபாளையம் வட்டாரங்களில் படப்பிடிப்பு பழகிப்போன ஒன்று. யாரிடம் கேட்க வேண்டும் என்பதை உள்ளூரிலேயே சொல்லிவிடுவார்கள்.

அரசின் பொறுப்பில் உள்ள இடங்களுக்கு வழி வேறு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற நினைவுச்சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின்கீழ் வருகின்றன. பார்வையாளர்கள் அங்கே படம் எடுப்பதற்கு 2018 முதல் தாராளமாக இடம் தரப்பட்டிருக்கிறது. ஆனால், குழுவாக வந்து திரைப்படம் எடுப்பதற்குத் தனி உரிமமும் கட்டணமும் உண்டு. மதுரை திருமலை நாயக்கர் மகாலோ மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குத் தெற்கு ரயில்வேயிடமும், சரணாலயத்துக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி தங்கள் இடம், பறப்பதற்கான கட்டுப்பாட்டைப் பொறுத்துப் பிரிக்கப்பட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மண்டலங்களில் எதில் வருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு அருகில் உள்ளவர்கள் இதில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்.

தனியார் வீட்டில் எடுப்பவர்கள் பலர் மின்சாரத்தை மறந்துவிடுகிறார்கள். சாதாரண ஒருமுனை இணைப்பு பெரிய விளக்குகளைத் தாங்காது. ஜெனரேட்டர் வண்டி வரவழைத்தால் அது தெருவில்தான் நிற்கும். தெருவில் நிற்பதென்றால் காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சிக்கும் தகவல் போயிருக்க வேண்டும், எதிர்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்குகளைப் பயன்படுத்தி, பகல் வெளிச்சம் நன்றாக விழும் முற்றமோ மாடியோ இருக்கும் வீட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செலவும் அலைச்சலும் பெருமளவு குறையும். எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறோமோ, அதே நேரத்தில் முன்கூட்டியே போய் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வருவது அவசியம்.

பேசி முடித்ததை எழுதி வாங்குங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தேதி, தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம், எந்தெந்த அறைகள், எத்தனை பேர் வருவார்கள், வாடகை, முன்பணம், பொருள் சேதமானால் யார் பொறுப்பு, எடுத்த காட்சிகளை எங்கெல்லாம் வெளியிடலாம் என்பவை ஒரே தாளில் அடங்கிவிடும். உரிமையாளரும் நீங்களும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு நாளன்று உங்கள் படி குழுவின் மேலாளர் கையில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.