காந்தத்தை உருக்கினால் ஸ்பின் திரவம் வருமா?

சரி, அடுத்த கேள்வி. குடியாத்தத்திலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "சார், போன வீடியோவில் குவாண்டம் ஸ்பின் திரவம் என்று போகிற போக்கில் சொன்னீர்கள். காந்தத்தை உருக்கினால் வருவதா அது? வேலூரில் ஏதாவது லேபில் பார்க்க முடியுமா? புராஜெக்ட் செய்ய ஆசை" என்கிறார்.

உருக்கவே வேண்டாம் தம்பி. பொருள் கெட்டியாகத்தான் இருக்கும், அணுக்கள் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். திரவம் என்பது அந்த அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்களின் ஸ்பின்களைப் பற்றிய பேச்சு. ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்த ஊசி மாதிரி; அந்த ஊசிதான் ஸ்பின். சாதாரண காந்தப் பொருளைக் குளிரவைத்தால் ஒரு கட்டத்தில் ஸ்பின்கள் அணிவகுத்து நின்றுவிடும். அதை ஸ்பின்கள் உறைவதாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் ஸ்பின்கள் உறையாமல் இருந்தால்தான் அது ஸ்பின் திரவம், நம் கதை.

ஏன் உறையாது? சில பொருட்களில் பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கத்தான் பார்க்கும். சதுரக் கட்டம் என்றால் மேல், கீழ், மேல், கீழ் என்று வம்பில்லாமல் முடிந்துவிடும். முக்கோணத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே; மூன்றாவது யாருக்கு எதிராக நிற்கும்? இரண்டு பேரையும் திருப்திப்படுத்த வழியே இல்லை. இதைத்தான் ஜியோமெட்ரிக் ஃபிரஸ்ட்ரேஷன் என்கிறார்கள். முக்கோண வலையில் ஸ்பின்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும், எதற்கு எது ஜோடி என்பதும் நிலையாக இருக்காது, எல்லா ஜோடி அமைப்புகளும் ஒரே சமயத்தில் கலந்திருக்கும் என்று 1973-ல் அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் எழுதினார். யோசனை அபாரம், எடுத்துக்கொண்ட வலைதான் கைகொடுக்கவில்லை. அங்கே ஸ்பின்கள் 120 டிகிரி கோணத்தில் சாய்ந்து சமரசமாகி உறைந்துவிடும் என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. அதனால் முக்கோணம் இருந்தாலே ஸ்பின் திரவம் என்று பரீட்சையில்கூட எழுதிவிடாதீர்கள்.

இன்னும் தளர்வான வலை வேண்டும். கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையை பொய்கை சந்தைப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அறுகோண ஓட்டை, சுற்றிலும் சின்னச் சின்ன முக்கோணங்கள், ஒரு முக்கோணம் அடுத்ததை முனையில் மட்டும் தொடும். பட்டைகள் குறுக்கே வெட்டும் இடத்திலெல்லாம் ஒரு தாமிர அணுவை வைத்தால் அதுதான் ககோமே வலை. ஹெர்பர்ட்ஸ்மித்தைட் என்ற பச்சைக் கனிமத்தில் தாமிரம் இப்படித்தான் அமர்ந்திருக்கிறது. சிலி நாட்டில் கிடைத்த கனிமம். 2005-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதில் ஸ்பின்களுக்கிடையிலான பிணைப்பின் அளவை வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் சுமார் 200 கெல்வின்; வம்பில்லாத வலையாக இருந்தால் ஏறத்தாழ அந்தக் குளிரிலேயே ஸ்பின்கள் உறையப் பார்க்கும். ஆனால் 0.05 கெல்வின் வரை இறக்கிப் பார்த்தும் உறையவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் இருக்கும் திரவ ஹீலியமே சுமார் 4 கெல்வின்தான், அதிலும் எண்பதில் ஒரு பங்கு. அந்த ஹீலியமும் சாதாரண அழுத்தத்தில் தனிச்சுழி (0 கெல்வின்) வரை உறையாது, எவ்வளவு குளிர்ந்தாலும் நிற்காத குவாண்டம் ஆட்டம்தான் அதற்கும் காரணம்.

இதே கனிமத்தை வேலூர் மே மாத வெயிலில் வையுங்கள். 42 டிகிரி என்றால் 315 கெல்வின். அங்கே ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஆடும்; அது திரவம் இல்லை, ஆவி. திரவத்தில் ஒழுங்கு இல்லாவிட்டாலும் உறவு உண்டு, தூரத்து ஸ்பின்கள்கூடப் பின்னிக் கிடக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம், உறையவில்லை என்பது மட்டும் சாட்சி ஆகுமா? எனக்குப் போதாது. நியூட்ரான்களை மோதவிட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண காந்தத்தில் ஒரு ஸ்பினைப் புரட்டினால் அந்தக் கலக்கம் ஒரே அலையாக ஓடும், அளவீட்டில் கூர்மையான கோடு விழும். ஸ்பின் திரவத்தில் அதே கலக்கம் இரண்டு அரை ஸ்பின் துகள்களாகப் பிரிந்துவிடும்; ஸ்பினான் என்று பெயர். ஆற்றலை இரண்டும் இஷ்டம்போல் பங்கு போட்டுக்கொள்வதால் கோடு கலைந்து அகலமாகப் பரவிவிடும். 2012-ல் ஹெர்பர்ட்ஸ்மித்தைட் படிகத்தில் கிடைத்தது அப்படிப் பரவிய சிதறல்தான். ஆனால் இந்தக் கனிமத்தில் ககோமே தாமிர அடுக்குகளுக்கு நடுவே துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் தாமிரம் புகுந்துவிடுகிறது. கலப்படமான படிகமும் மங்கலான படம் தரலாம். எது எதனால் என்று பிரிப்பதில்தான் இன்றுவரை சண்டை. ஆகவே இதையும் ஸ்பின் திரவமாக இருக்கக்கூடிய பொருள் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பின் திரவம் கிடைத்துவிட்டது, அதை வைத்து இதோ குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று தம்ப்நெயில் வைப்பவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

லேப் விஷயம். மில்லிகெல்வின் குளிரும் நியூட்ரான் கற்றையும் கேட்கிற வேலை காலேஜ் லேபில் நடக்காது. நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையில் நியூட்ரான் சிதறல் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு லேப்டாப்பே போதும். ஒவ்வொரு ஸ்பினுக்கும் மேல், கீழ் என்று இரண்டு வாய்ப்பு; அதனால் 12 ஸ்பின் கொண்ட ககோமே துண்டுக்கு மொத்த நிலைகள் 4096. பைத்தானில் அந்த நிலைகளுக்கான ஆற்றல் மேட்ரிக்ஸைத் தீர்த்து அடிமட்ட ஆற்றலையும் ஸ்பின்களுக்கிடையிலான தொடர்பையும் கணக்கிட்டுவிடலாம். 36 ஸ்பின் என்று ஆசைப்பட்டால் நிலைகள் 6,800 கோடியைத் தாண்டும், லேப்டாப் படுத்துவிடும். 12-ல் தொடங்கி 18-க்குப் போங்கள். புரோகிராம் எழுதும்போது மாட்டிக்கொண்டால் எந்த வரி என்று சொல்லி அனுப்புங்கள், பார்க்கலாம்.