கைவிட்டுப் பிடிக்கிற கலை

வணக்கம் நேயர்களே. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இன்று ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கண்ணால் பார்க்க வேண்டியதை நீங்கள் காதால் கேட்கப் போகிறீர்கள். அதனால் என்னோடு சேர்ந்து கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள்.

பக்கத்துக்கு 13 மீட்டர் உள்ள சதுரமான விரிப்பு. நடுவில் ஒரு பெண், கையில் ஒரு பந்து. பாட்டு தொடங்குகிறது. பந்தை மாடி உயரத்துக்கு வீசுகிறாள். அது இறங்கி வருவதற்குள் தரையில் இரண்டு மூன்று முறை உருண்டு எழுகிறாள். எழுந்தவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பந்து முதுகுக்குப் பின்னால் வந்து அவள் கையில் உட்காருகிறது. ஒன்றரை நிமிடத்துக்குள் இப்படிப் பல முறை.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் நம் ஊரில் தீபா கர்மாகர் பெயர்தான் முதலில் வரும். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 0.150 புள்ளியில் பதக்கம் கைநழுவி நான்காம் இடம் வந்தாரே, அவர்தான். அது வேறு பிரிவு. அதில் பெஞ்சைத் தாண்டுவது, கம்பியில் தொங்குவது எல்லாம் உண்டு. ரிதமிக்கில் கம்பியும் இல்லை, பெஞ்சும் இல்லை. வளையம், பந்து, ஒரு ஜோடி கிளப் என்கிற கைக்கட்டைகள், 6 மீட்டர் நீள ரிப்பன், இவ்வளவுதான். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மட்டுமே உள்ள போட்டி, 1984 முதல் நடக்கிறது.

"அதெல்லாம் உடம்பு ரப்பர் மாதிரி இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் டீச்சர்" என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வளைகிற உடம்பு வேண்டும்தான். ஆனால் கை விட்ட பொருள் எங்கே, எப்போது வந்து இறங்கும் என்பது உடம்பு வளைவதால் தெரிந்துவிடாது. அதைத் தினமும் தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இதை நான் டார்யா வர்ஃபொலொமேயெவ் என்ற பெண்ணை வைத்துச் சொல்கிறேன்.

டார்யா 2006 நவம்பரில் சைபீரியாவில் பர்னாவுல் என்ற ஊரில் பிறந்தவர். தாத்தா ஜெர்மானியர். அந்த உறவை வைத்து 12 வயதில், 2019இல், ஜெர்மனிக்கு வந்தார். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஃபெல்பாக் நகரின் ஷ்மிடன் என்ற பகுதியில் தேசியப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே சேர்ந்தபோது ஜெர்மன் மொழி தெரியாது. ஏழாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். புது நாடு, புது மொழி, நாள் முழுக்கப் பயிற்சி. அந்த வயதுப் பிள்ளைகளோடு எத்தனையோ வருடம் இருந்தவள் என்பதால் இந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

அங்கே அவருக்குப் பயிற்சியாளராக அமைந்தவர் யூலியா ராஸ்கினா, பெலாரஸ்காரர். இவரும் ஒலிம்பிக்ஸில் ஆடியவர்தான். 2000ஆம் ஆண்டு, சிட்னி. அப்போது ரஷ்யாவின் அலினா கபயேவாதான் தங்கம் வாங்குவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கையிலிருந்து வளையம் தவறி விரிப்பைத் தாண்டி ஓடியது. கபயேவா மூன்றாம் இடம். இன்னொரு ரஷ்யப் பெண் யூலியா பர்சுகோவா 39.632 புள்ளியோடு தங்கம் வாங்கினார். ராஸ்கினாவுக்கு 39.548, வெள்ளி. பத்தில் ஒரு பங்கு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. அப்போது ராஸ்கினாவுக்கு வயது 18.

இந்த விளையாட்டில் கை தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். உருண்டு போன பொருளை மூன்று எட்டு நடந்து எடுத்தாலே ஒரு முழுப் புள்ளி போய்விடும். அந்த வீச்சுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மதிப்பும் போகும். ரிப்பன் இன்னும் பொல்லாதது. அரங்கின் ஏசி காற்றே அதை இழுத்துவிடும், முடிச்சு விழுந்தால் அதற்கும் புள்ளி வெட்டு. ஆனால் தவறுவதாலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் ரிப்பனைத் தவறவிட்டும் தங்கம் வென்றார். சிட்னி தொடங்கி 2016 வரை தனிநபர் தங்கம் ஒவ்வொரு முறையும் ரஷ்யாவுக்கே போனது. அந்த வரிசையை முறித்த ஆட்டம் அது.

சரி, டார்யாவிடம் வருவோம். 2022இல் சோஃபியா நகரில் உலகப் போட்டி. 15 வயதில் கிளப் பிரிவில் தங்கம், நான்கு பொருளின் புள்ளியையும் கூட்டிப் பார்க்கிற ஒட்டுமொத்தத்தில் வெள்ளி. அடுத்த வருடம் வலென்சியாவில் ஒட்டுமொத்தம், வளையம், பந்து, கிளப், ரிப்பன் என்று தனிநபருக்கு இருந்த ஐந்து தங்கமும் அவருக்கே. ஐந்தையும் அள்ளியபோது வயது 16. அதற்குப் பிறகுதான் பாரம் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றும். எல்லாம் வென்றவள் அடுத்து எங்கே போனாலும், வென்றால் "தெரிந்ததுதானே" என்பார்கள், தோற்றால் "என்ன ஆச்சு" என்பார்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்ஸ், 2024 ஆகஸ்ட். அந்த வருட ஐரோப்பிய சாம்பியனான பல்கேரியாவின் ஸ்டிலியானா நிகோலோவா தகுதிச் சுற்றோடு வெளியேறினார். இறுதிக்குப் போகிறவர்கள் பத்துப் பேர்தான். தகுதிச் சுற்றில் முதலில் நின்றவர் இத்தாலியின் சோஃபியா ரஃபயேலி. மறுநாள், ஆகஸ்ட் 9, இறுதி. ரஃபயேலிக்கு வெண்கலம். பல்கேரியாவின் போரியானா கலேயின் வெள்ளி. டார்யா 142.850 புள்ளியோடு தங்கம். 1984 ஒலிம்பிக்ஸில் மேற்கு ஜெர்மனியின் ரெகினா வேபர் வெண்கலம் வாங்கியிருந்தார். அதற்கு 40 வருடம் கழித்து, ஜெர்மனிக்கு இந்த விளையாட்டில் முதல் ஒலிம்பிக் தங்கம். ரஷ்யாவும் பெலாரஸும் அந்தப் போட்டியில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வலென்சியாவையும் பாரிசையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தங்கத்தின் எடை குறையாது.

ராஸ்கினா சிட்னியில் 18 வயதில் வெள்ளி வாங்கினார். 24 வருடம் கழித்து, தான் வளர்த்த 17 வயதுப் பெண் தங்கம் வாங்குவதைப் பார்த்தார். பயிற்சியாளர் விரிப்பில் கால் வைக்க முடியாது. ஓரத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். பந்து மேலே போய்க் கீழே வருகிற அந்த நேரம், எத்தனையோ வருடம் இதே வேலையைச் செய்த ராஸ்கினாவின் கைகள் எப்படிச் சும்மா இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

டார்யா நின்றுவிடவில்லை. 2025இல் ரியோவில் நடந்த உலகப் போட்டியிலும் ஒட்டுமொத்தத் தங்கம் அவருக்குத்தான். அடுத்த ஒலிம்பிக்ஸ் 2028, லாஸ் ஏஞ்சலஸ். ரிதமிக் முதன்முதலில் ஒலிம்பிக்ஸில் ஆடப்பட்ட அதே ஊர். அப்போது அவருக்கு 21 வயது. அதுவரை தினமும் ஷ்மிடனில் அந்தப் பந்து மேலே போய்க்கொண்டே இருக்கும்.

நன்றி, வணக்கம்.