வெலார்டே வரைந்தது கலையா, ஆவணமா? – ஆவண அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மின்விசிறி எட்டாத கடைசி வரிசையிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'பாப்லிட்டா வெலார்டேயின் தொடக்ககால ஓவியங்களில் விஞ்சி நிற்பது கலையா, ஆவணமா?' என்பது தலைப்பு. கலையே என்று பேசிவிட்டுப் போன நண்பர் நிறையக் கைதட்டல் வாங்கினார். வாங்கட்டும். கலை என்றாலே கை தட்டத் தோன்றும். ஆவணம் என்றால் நமக்குத் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கஷ்டத்தோடுதான் எங்கள் அணி மேடையேறியிருக்கிறது.

நண்பர் ஓவியத்தைப் பற்றிப் பேசினாரே தவிர, வரைந்தவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. நான் அங்கேயிருந்து தொடங்குகிறேன். வெலார்டே 1918-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா கிளாரா பியூப்ளோவில் பிறந்தவர். பியூப்ளோ என்பது அங்கே வாழும் பழங்குடி மக்களின் பெயர், அவர்கள் ஊருக்கும் அதுதான் பெயர். மண் சுவர் வீடுகளும் நடுவே நடனமாடும் முற்றமும் கொண்ட பியூப்ளோ ஊர்கள் அந்த மாநிலத்தில் பத்தொன்பது இருக்கின்றன. சாண்டா கிளாரா அவற்றில் ஒன்று. பளபளக்கும் கறுப்பு மட்பாண்டங்களுக்குப் பேர்போனது. சின்ன வயதிலேயே அவருக்குத் தாய் இல்லாமல் போனார். அப்புறம் ஒரு கண்நோய். கொஞ்ச காலம் பார்வையே இல்லை. பிறகு ஓரளவு திரும்பியது. பின்னாளில் அவரே சொன்னது: அந்த இருட்டுக்குப் பிறகு எதைப் பார்த்தாலும் முழுசாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசை வந்தது, மிகச் சிறிய விவரம்வரை நினைவில் வைத்துக்கொள்ளத் தன்னைப் பழக்கிக்கொண்டாராம்.

நடுவர் அவர்களே, இது ஒரு பதிவாளரின் வாக்குமூலம். அழகாக வரையவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மறக்கக்கூடாது என்றுதான் சொன்னார்.

சரி, எதிரணியின் முதல் வாதத்துக்கு வருகிறேன். 1932-ல் சாண்டா ஃபே இந்தியப் பள்ளியில் டோரதி டன் என்ற ஆசிரியர் ஓவிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். இந்தியர் என்றால் இங்கே நாமல்ல, அமெரிக்கப் பழங்குடிகள். 'ஸ்டூடியோ' என்று அதற்குப் பெயர். அதன் முதல் மாணவியரில் ஒருவர் வெலார்டே, வயது பதினான்கு. அந்த வகுப்புப் படங்களில் நிழல் இருக்காது, பின்னணி இருக்காது, தொலைவு காட்டும் கோடுகள் இருக்காது. தட்டையான வண்ணம், தெளிவான வெளிக்கோடு, அவ்வளவுதான். "இது அப்பட்டமான பாணி, பாணி இருக்கும் இடத்தில் கலைதான் இருக்கிறது" என்றார் நண்பர்.

பின்னணி இல்லையே, என்ன இருக்கிறது என்று பார்த்தாரா? இடுப்புக் கச்சையை எந்தப் பக்கம் முடிந்திருக்கிறார்கள், காலணி எப்படிச் சுற்றியிருக்கிறது, நடனத்தில் யார் கையில் கூடை, யார் கையில் ஊசியிலைக் கொத்து, எல்லாம் இருக்கிறது. மலையையும் மேகத்தையும் விட்டுவிட்டு மனிதர் உடுத்துவதையும் கையில் பிடிப்பதையும் மட்டும் துல்லியமாக வரைகிறவர் என்ன வேலை செய்கிறார்? தாவரவியல் நூல்களில் செடியை வெள்ளைத் தாளில் தனியாக வரைவார்களே, அந்த வேலையைத்தான் செய்கிறார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதே நியூ மெக்சிகோவில் 1915-ல் வெள்ளைக்கார ஓவியர்கள் சேர்ந்து டாவோஸ் ஓவியர் சங்கம் தொடங்கினார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஈ. ஐ. கௌஸ் பாரிஸில் படித்தவர். டாவோஸ் பியூப்ளோ ஆட்களை ஓவியக்கூடத்துக்கு வரவழைத்து உட்காரவைத்து, நெருப்பு வெளிச்சம் பட வரைந்தார். சாண்டா ஃபே ரயில்வே பல ஆண்டுகள் அந்தப் படங்களைத் தன் நாட்காட்டியில் அச்சிட்டு, தென்மேற்குக்கு வாருங்கள் என்று பயணிகளை அழைத்தது. ஒளி அற்புதம், உடற்கூறு அற்புதம். கலை என்று கேட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் பியூப்ளோவில் பானை செய்வதும் சுவருக்கு மண் பூசுவதும் பெண்கள் வேலை. நெசவு ஆண்கள் வேலை. பக்கத்திலேயே வாழும் நவஹோ மக்களிடம் நெசவு பெண்கள் வேலை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள யாராவது ரயில்வே நாட்காட்டியை நம்புவார்களா? வெலார்டேயின் படத்தை நம்பலாம். அதே ஸ்டூடியோ வகுப்பில் படித்த நவஹோ ஓவியர் ஹாரிசன் பெகே, தறிக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணை வரைந்தால் அதையும் நம்பலாம்.

அடுத்து, 1939. எதிரணி இந்த ஆண்டை ஒரே வரியில் தாண்டிவிட்டது. ஏன் தாண்டியது என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டுதான் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை வெலார்டேயை வேலைக்கு அழைத்தது. சாண்டா கிளாராவுக்கு அருகே பாண்டெலியர் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மென்மையான எரிமலைச் சாம்பல் பாறையில் குடைந்த அறைகள், இடிந்த வீட்டு வரிசைகள், எல்லாம் பியூப்ளோ மூதாதையர் வாழ்ந்த இடங்கள். அங்கே வரும் பயணிகளுக்கு இந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டும் படங்கள் வேண்டும். பொருளாதார மந்தத்தில் வேலை கொடுப்பதற்காக அரசு நடத்திய திட்டத்தின் பணம் அதற்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். மண் அடுப்பில் ரொட்டி சுடுவது, பானை வனைவது, வேட்டை, அறுவடை, நடனம் என்று ஊரின் வாழ்க்கையே அங்கே இருக்கிறது.

அதற்காக அவர் என்ன செய்தார்? தனக்குத் தெரியாததை ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார். இந்தச் சடங்குக்கு என்ன உடை, அந்தக் காலத்தில் இதை எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்து வரைந்தார். கற்பனையை நம்பி வரைகிறவருக்கு இந்த அலைச்சல் எதற்கு?

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதி. இதற்கு மட்டும் எதிரணி பதில் சொன்னால் போதும், மற்றதை விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

வெலார்டேயின் ஊரில் அவர்மீது கோபம் இருந்தது. இரண்டு காரணம். ஒன்று, பெண் ஓவியம் வரையலாமா என்பது. அதற்கு முன்பே டொனிட்டா பென்யா என்ற பியூப்ளோப் பெண் அந்தத் தடையைக் கொஞ்சம் அசைத்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் வெலார்டேக்கும் தைரியம் வந்தது. அது போகட்டும். இரண்டாவது காரணம்தான் முக்கியம். ஊர் விஷயத்தை வெளியே சொல்கிறாள் என்ற குற்றச்சாட்டு. நடுவர் அவர்களே, ஒரு படம் வெறும் அழகாக மட்டும் இருந்தால் யாருக்காவது கோபம் வருமா? அந்தப் படத்திலிருந்து வெளியாள் ஒருவன் உண்மையாகவே எதையோ தெரிந்துகொள்ள முடியும் என்பதால்தான் கோபம் வந்தது. படத்தில் தகவல் இருக்கிறது என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர்கள் விமர்சகர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். அவர்களைவிட அந்தப் படத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் யார்?

பியூப்ளோக்களில் ரகசியம் எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு இன்னொரு சம்பவம். 1936 முதல் 1941 வரை இஸ்லெட்டா பியூப்ளோவைச் சேர்ந்த ஒருவர் தன் ஊர்ச் சடங்குகளை வரைந்து, தபாலில் எல்சி பார்சன்ஸ் என்ற மானுடவியலாளருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். தெரிந்தால் ஊரில் என்ன நடக்குமோ என்று பயந்துகொண்டே வரைந்தார். 1962-ல் அந்தப் படங்கள் வெளியானபோதும் அவர் பெயர் போடப்படவில்லை. பல பியூப்ளோக்களில் இன்றைக்கும் சடங்கு நடனத்தைப் படம் பிடிக்கக்கூடாது, உட்கார்ந்து வரைந்துகொள்ளவும் கூடாது. கேமரா போக முடியாத இடத்தில் தூரிகை போனால், அது சாட்சியம்தான்.

வெலார்டே இதில் இன்னும் ஒரு படி மேலே. அவர் ஒளிந்துகொண்டு வரையவில்லை. தன் பெயரைப் போட்டு வரைந்தார். அதே நேரம், எல்லாவற்றையும் வரையவும் இல்லை. கிவா என்ற சடங்கு அறைக்குள் நடப்பவற்றில் வெளியே சொல்லக்கூடாதவை என்று ஊர் நினைப்பதை விட்டுவிட்டார். கொஞ்சம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று சிலவற்றைக் காட்டினார். எந்தத் திட்டுக்கும் அஞ்சாமலே இருந்தாலும் காட்டக்கூடாதவற்றைக் காட்டவில்லை. எது பதிவாகவேண்டும், எது கூடாது என்று எடைபோடுவது ஆவணக் காப்பாளரின் வேலை. இருபது வயதுப் பெண் அதைச் செய்தார்.

இந்தப் பதிவு எந்தக் காலத்தில் நடக்கிறது என்றும் பாருங்கள். 1921-ல் இந்தியர் விவகாரத் துறை ஆணையர் சார்லஸ் பர்க், பழங்குடி நடனங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசு நடத்திய விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசினால் தண்டனை. 1918-ல் சாண்டா ஃபே பள்ளிக் கண்காணிப்பாளரின் மனைவி எலிசபெத் டிஹஃப், ஹோப்பி என்ற பழங்குடியைச் சேர்ந்த மாணவன் ஃப்ரெட் கபோட்டி முதலியவர்களைத் தன் வீட்டில் உட்காரவைத்து நடனங்களை வரையச் சொன்னார்; அரசுக் கொள்கைக்கு விரோதமான காரியம் அது. கபோட்டி என்ன சொன்னார் தெரியுமா? ஊரைவிட்டுத் தூரத்தில் இருக்கும்போது தனிமை வாட்டுகிறது, சுற்றியிருப்பதை வரையத் தோன்றுவதில்லை, மனதில் இருப்பதைத்தான் வரைகிறோம் என்ற பொருளில் சொன்னார். அரசு அழிக்க நினைத்ததைப் பையன் தாளில் இறக்கிவைக்கிறான். வெலார்டே இந்தப் பரம்பரையில் வந்தவர்.

இப்போது எதிரணியின் வலுவான வாதம். வலுவானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். "1933-லிருந்து அமெரிக்க அரசு நவஹோ நிலத்தில் மேய்ச்சல் மிகுந்துவிட்டது என்று சொல்லி ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தது. வாங்கிக் கொண்டுபோனது, சுட்டும் கொன்றது. அதே காலத்தில் படித்து வரையத் தொடங்கிய பெகேயின் படங்களில் ஆடுகள் நிம்மதியாக மேய்கின்றன. வெலார்டே படத்தில் லாரி இல்லை, விடுதிப் பள்ளி இல்லை. இதுவா ஆவணம்?" என்று கேட்டார் இரண்டாவதாகப் பேசியவர்.

நல்ல கேள்வி. அந்தக் காலத்து அரசுக் கோப்புகளில் என்ன இருக்கிறது தெரியுமா? ஆட்டு அலகு. ஒரு குதிரை ஐந்து ஆட்டுக்குச் சமம், ஒரு மாடு நான்கு ஆட்டுக்குச் சமம் என்று போட்ட கணக்கு. அந்த மந்தை யாருடையது, காலையில் யார் ஓட்டிக்கொண்டு போனார்கள், நவஹோப் பெண்கள் தங்கள் பெயரிலேயே ஆடு வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் தெரியாது. பெகேயின் படத்தில் ஆட்டோடு போகிறவள் பெண். இழப்பின் அளவைக் கோப்பு சொல்கிறது. இழந்தது எது என்பதைப் படம் சொல்கிறது. எல்லாமே இந்தப் படங்களில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, எந்த ஆவணத்தில்தான் எல்லாம் இருக்கிறது? வரலாறு வேண்டும் என்றால் அதே பள்ளியில் படித்த நவஹோ ஓவியர் ஜெரால்ட் நெய்லர் 1940களின் தொடக்கத்தில் நவஹோ தலைநகரான விண்டோ ராக்கில், நவஹோ பேரவை மண்டபத்தின் சுவரைச் சுற்றித் தம் மக்களின் வரலாற்றை வரைந்திருக்கிறார். அந்த மக்களின் கதை எழுதவேண்டிய இடத்தில் யாருடைய தூரிகை இருக்கிறது என்று கவனியுங்கள்.

ஆஸ்கர் ஹவ் விஷயத்தையும் எடுத்தார்கள். 1958-ல் டல்சா நகரத்தின் ஃபில்புரூக் கலைக்கூடப் போட்டியில், டன் வகுப்பில் படித்த, டகோட்டா பழங்குடியைச் சேர்ந்த அந்த ஓவியரின் படத்தை 'மரபான இந்திய ஓவியம் இல்லை' என்று தள்ளினார்கள். அவர் கொதித்துக் கடிதம் எழுதினார். "பழங்குடி ஓவியத்தை ஆவணம் என்று அடைத்துவைத்ததன் விளைவு இது" என்கிறது எதிரணி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹவ் தகவலைத் தப்பாக வரைந்தார் என்று யாரும் சொல்லவில்லை. பாணி சரியில்லை என்றுதான் சொன்னார்கள். பாணியை வைத்து ஆளை அளந்தவர்கள் கலைப் போட்டி நடுவர்கள். நடுவர் அவர்களே, உங்களைச் சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் கொடுங்கள்.

எதிரணிக்கு ஒரு சலுகை தருகிறேன். வெலார்டே பிற்காலத்தில் பல நிறக் கற்களைத் தானே பொடித்து, அந்த மண் வண்ணத்தால் வரைந்தார். அதைக் கலை என்று சொல்லுங்கள், எதிர்க்கமாட்டேன். 1943-ல் பிறந்த அவர் மகள் ஹெலன் ஹார்டின், வடிவியல் கோடுகளால் வேறொரு உலகத்தையே வரைந்தார், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைய தலைப்பு வெலார்டேயின் தொடக்ககாலம். வந்து பேசிய இரண்டு பேரும் பாண்டெலியர் படங்களில் ஒன்றையாவது எடுத்து, இதில் இன்ன இடத்தில் ஊர் வழக்கத்தை விட்டு விலகி அழகுக்காக வரைந்திருக்கிறார் என்று காட்டவில்லை. அடுத்து வரும் எதிரணித் தலைவராவது காட்டட்டும். காட்டினால் முதலில் கை தட்டுவது நானாக இருப்பேன்.

நன்றி, வணக்கம்.