அந்தப் பொண்ணு தூங்கி எத்தனை நாளாச்சு?

எல்லாருக்கும் வணக்கம். காலையிலேர்ந்து இது மூணாவது நிகழ்ச்சியாம், ஆனாலும் நமக்காக நேரம் ஒதுக்கி வந்து தலைமை ஏத்திருக்கிற நகர்மன்றத் தலைவர் அம்மா அவங்களுக்கும், வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் ஐயாவுக்கும், போன வருஷம் மாதிரியே இந்த ஹாலை வாடகை வாங்காம குடுத்து, வாசல்ல மோர்ப் பந்தலும் போட்டுக் குடுத்த பள்ளித் தாளாளர் ஐயாவுக்கும், முன்வரிசையில இருக்கிற மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் தங்கச்சிகளுக்கும் வணக்கம். பின்னாடி செவுத்தோரமா நிக்கிற ஹோம் கேர் அக்காங்களுக்கு தனியா ஒரு வணக்கம். ஏன்மா நிக்கிறீங்க, இங்க நாற்காலி காலியா இருக்கு, வந்து உக்காருங்க.

இன்னிக்கு செப்டம்பர் 17, உலக நோயாளி பாதுகாப்பு தினம். 2019லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் இதை நடத்துது. நான் 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன்: மருந்துல வர்ற தப்பு, படுக்கைப்புண்ணு, பாத்ரூம்ல வழுக்கி விழுறது. அதுக்கு முன்னாடி எங்க அம்மா அடிக்கடி சொல்ற பழமொழி ஒண்ணு. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

எங்க தெருவுலயே நடந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 78 வயசு, பல வருஷமா சுகர், இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருந்தாங்க. மகனும் மருமகளும் வேலைக்குப் போறவங்க, அதனால ஒரு ஏஜென்சி மூலமா விழுப்புரம் பக்கத்துப் பொண்ணு ஒருத்தியை 24 மணி நேர டியூட்டிக்கு வச்சாங்க. நல்ல பொண்ணு, பாட்டியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைப்பா, ராத்திரியும் அலாரம் வச்சு எழுந்திருப்பா, ஒரு புண்ணு வரல பாட்டிக்கு. சரி, இன்சுலினுக்கு வர்றேன். வீட்டுல இருந்த பழைய குப்பி, ஒரு எம்.எல்.லுக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச். டிஸ்சார்ஜ் ஆகும்போது புதுசா எழுதிக் குடுத்த குப்பி, ஒரு எம்.எல்.லுக்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வேணும். அதை யாரும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல, சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு டப்பா நிறைய அலமாரியில இருக்கு. காலையில ஆறு மணிக்கு, வழக்கம்போல 20 கோடு வரைக்கும் இழுத்துப் போட்டுட்டா. கணக்குப் பாருங்க, சிவப்பு சிரிஞ்சுல 20 கோடுன்னா அரை எம்.எல்., 100 யூனிட் குப்பியில அரை எம்.எல்.னா 50 யூனிட். ரெண்டரை மடங்கு!

பத்தரை மணிக்கு "சிஸ்டர் சிஸ்டர்"னு எங்க வாசல்ல கத்துறா. ஓடிப் போறேன், பாட்டி நைட்டி முதுகு பூரா நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு, கை ஐஸா இருக்கு, செத்துப் போன தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. குளுக்கோமீட்டர்ல சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைஞ்சுடுச்சு. விழுங்குற அளவுக்கு நினைவு இருந்ததால சர்க்கரைத் தண்ணி குடுத்து ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினோம், நாள் பூரா வேலை செய்ற இன்சுலின் அது, அதனால மறுநாள் வரைக்கும் டிரிப்பு ஏறிச்சு. பாட்டி பிழைச்சாங்க.

டாக்டர் என்ன நடந்ததுன்னு கேட்டப்ப அந்தப் பொண்ணு மறைக்கல. பையிலேர்ந்து குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்து மேசை மேல வச்சு "நான்தான் இதுல போட்டேன் சார்"னு சொன்னா. அதனாலதான் டாக்டருக்கு என்ன வைத்தியம் பண்றதுன்னு தெரிஞ்சது. அன்னிக்கு சாயங்காலமே ஏஜென்சியில வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, அந்த மாசச் சம்பளமும் பிடிச்சுட்டாங்க. இப்ப சொல்லுங்க, அதே ஏஜென்சியில வேலை பாக்குற மத்த பொண்ணுங்க அடுத்த தடவை தப்பு நடந்தா வாயைத் திறப்பாங்களா? குப்பியைத் தூக்கி சாக்கடையில போட்டுட்டு "தெரியல சார், திடீர்னு மயங்கிட்டாங்க"ம்பாங்க. வார்டுல நான் இன்சுலின் இழுத்தா இன்னொரு சிஸ்டர் பாத்து சரின்னு சொல்லணும், அப்புறம்தான் ஊசி போடுவேன். வீட்டுல அவளுக்கு யார் இருக்கா?

கடைசியா ஒண்ணு கேட்டேன் அவகிட்ட, "கடைசியா எப்பம்மா லீவு போட்ட?" பதினோரு வாரம் ஆச்சாம். பதினோரு வாரமா ராத்திரி முழுசாத் தூங்கல. ஊருல ரெண்டாவது படிக்கிற மகன், மாமியார்கிட்ட. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு எங்க அம்மா சொன்னாங்களே, இவ ஊரான் அம்மாவை ஊட்டிப் பாத்துக்கிட்டா, இவ பிள்ளை தானா வளருதா?

படுக்கைப்புண்ணு பத்தி, விழுறது பத்தி நேரமில்ல, தலைவரம்மா கிளம்பணும். நான் கேக்குறது வாரத்துல ஒரு நாள் லீவு. 2011ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலை செய்றவங்களுக்காக 189ஆம் எண் ஒப்பந்தம் போட்டுச்சு, வாரத்துக்கு தொடர்ச்சியா 24 மணி நேரம் ஓய்வு தரணும்னு அதுல இருக்கு, நம்ம நாடு இன்னும் அதை ஏத்துக்கல. தமிழ்நாட்டுல 2007லயே வீட்டுப் பணியாளர் நலவாரியம் வந்துடுச்சு. அந்த வாரியம் மூலமா ஹோம் கேர் பொண்ணுங்களுக்கு வார லீவு, நடந்த தப்பைச் சொன்னதுக்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு ஒரு உத்தரவு, இந்த ரெண்டும் வேணும்.

ஊரான் பிள்ளைய ஊட்டுறவளுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க. வாசல்ல மோர்ப் பந்தல் பக்கத்துல பச்சை அட்டை போட்ட நோட்டு இருக்கு, மனுவோட போகப் போற நோட்டு. முதல் கையெழுத்து தலைவரம்மா போடறேன்னு சொல்லியிருக்காங்க, ரெண்டாவது டாக்டர் ஐயா. அதுக்கு அடுத்த இடம் காலியா இருக்கு. மோர் குடிக்கிறதுக்கு முன்னாடி போட்டுடுங்க.