கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வேல்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் தேடிப் போவது கோட்டைகளைத்தான். கைர்நார்வன், கோன்வி, ஹார்லெக், பியூமாரிஸ். நான்குமே பிரமாதம், பாருங்கள். ஆனால் அவை 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸ் மக்களை அடக்கிவைக்கக் கட்டியவை. அந்த மக்களின் சொந்தக் கதை மலைகளுக்குள் இருக்கிறது.

பிளைனை ஃபெஸ்டினியோக் என்று ஒரு ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாம்பல் நிறத்தில் மலை மலையாக, குவாரிகளில் வெட்டியெடுத்த சிலேட்டுக் கல்லின் கழிவு. 1951இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்காவுக்கு எல்லை வகுத்தபோது, சுற்றிலும் பூங்காவாக்கிவிட்டு இந்த ஊரை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். குவியல்கள் அழகைக் கெடுக்குமாம்! 2021இல் யுனெஸ்கோ அதே சிலேட்டு நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அங்கே சிலேட்டு பிளப்பதைக் கட்டாயம் பாருங்கள். தொழிலாளி கல்லைத் தொடையில் சாய்த்து, அகலமான உளியை ஓரத்தில் வைத்து, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார். கல் தாள் தாளாகப் பிரிகிறது.

இந்தக் குவாரிகளில் மதியச் சாப்பாட்டுக்குக் 'காபன்' என்று ஒரு குடில் இருந்தது. டீ குடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அரசியல் வாதம், பாட்டு, கவிதைப் போட்டி, எல்லாம் வெல்ஷ் மொழியில் நடக்கும். நடந்ததை நோட்டுப் போட்டு எழுதியும் வைத்தார்கள். இன்று 5 லட்சத்துக்கும் அதிகமானோர் வெல்ஷ் பேசுகிறார்கள் என்றால், அதில் இந்தக் குடில்களுக்கும் பங்குண்டு என்பேன்.

அப்புறம், பாலா ஊருக்குப் பக்கத்தில் ட்ரவெரின் பள்ளத்தாக்கு. இப்போது பார்த்தால் அழகான ஏரி. அதன் அடியில் காப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசிய கிராமம் கிடக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக அங்கே அணை கட்ட 1957இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் 1965இல் பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், வீடுகள், எல்லாம் தண்ணீருக்குள் போயின. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல்தான்.

அபெரிஸ்ட்வித் என்ற ஊருக்குத் தெற்கே, சாலையோரத்தில் ஒரு பாழடைந்த சுவரில் 'ட்ரவெரினை மறவாதீர்' என்று வெல்ஷில் எழுதியிருக்கிறது. 2019இல் யாரோ அந்தச் சுவரைச் சேதப்படுத்தினார்கள். ஊர்க்காரர்கள் திரும்ப எடுத்துக் கட்டினார்கள். அத்தோடு விடவில்லை. வேல்ஸ் முழுக்க வேறு வேறு சுவர்களிலும் அதே வாசகத்தை எழுதிவிட்டார்கள்.