சில தூண்டில் முட்களுக்கு விற்ற வெள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

லா பெரூஸ் என்ற பிரெஞ்சுக் கடலோடி 1788 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் போட்டனி விரிகுடாவிலிருந்து இரண்டு கப்பல்களுடன் புறப்பட்டார். பிறகு ஆளும் இல்லை, கப்பலும் இல்லை. கொலைமேடை ஏறும் நாளில்கூட மன்னர் பதினாறாம் லூயி, "லா பெரூஸைப் பற்றிச் செய்தி உண்டா?" என்று கேட்டாராம். கட்டுக்கதையாகவும் இருக்கலாம்.

அவரைத் தேடி 1791 செப்டம்பரில் தாந்த்ரகாஸ்தோ என்ற தளபதி பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். அவர் கப்பலின் பெயரே 'ரெஷெர்ஷ்', அதாவது தேடல். 1793 மே மாதம் பசிபிக் கடலில் ஒரு தீவு தொலைவில் தெரிந்தது. கரையிறங்காமல், தன் கப்பலின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டுப் போய்விட்டார். தேடிய கப்பல்கள் உடைந்து கிடந்தது அங்கேதான்! இரண்டு மாதத்தில் அவரையும் ஸ்கர்வி என்ற உயிர்ச்சத்துக் குறைவு நோய் கொண்டுபோனது.

பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் துப்பே இல்லை. 1826 மே மாதம் பீட்டர் டில்லன் என்ற கப்பல் தலைவர் சிலி நாட்டு வால்பரைசோவிலிருந்து நம் புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்தார். வழியில் திக்கோபியா என்ற சின்னஞ்சிறு தீவு. 1813இல் தான் பயணம் செய்த கப்பல் அங்கே இறக்கிவிட்ட ஆட்கள் உயிரோடிருக்கிறார்களா பார்ப்போமே என்று நின்றார். இருந்தார்கள். அவர்களில் ஒருவன் லஸ்கர். வெள்ளைக்காரர் கப்பல்களில் கூலிக்கு உழைத்த கீழைநாட்டு மாலுமிகளை அப்படித்தான் அழைப்பார்கள். அவனிடம் பழைய வாள்பிடி ஒன்றின் வெள்ளிக் காப்பு இருந்தது. சில தூண்டில் முட்களை வாங்கிக்கொண்டு அதை டில்லனின் ஆள் ஒருவனிடம் கொடுத்துவிட்டான். தீவுக்காரனுக்கு மீன் பிடிக்க முள்தானே வேண்டும், வெள்ளி எதற்கு?

விசாரித்தால், பொருள் வந்த இடம் வனிக்கோரோ. தாந்த்ரகாஸ்தோ பெயர் வைத்துவிட்டுப் போன அதே தீவு. இந்த லஸ்கர் அங்கே போய் வந்தவன்.

டில்லன் கல்கத்தா சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியாரைச் சம்மதிக்க வைத்து, 1827 ஜனவரியில் கம்பெனிக் கப்பலில் தேடக் கிளம்பினார். அந்தக் கப்பலின் பெயர் 'ரிசர்ச்'. நடுவில் கப்பல் மருத்துவரோடு மோதல், ஹோபர்ட் ஊரில் வழக்கு, டில்லனுக்குச் சிறை. அந்தக் கூத்துக்குத் தனி உரையே வேண்டும். செப்டம்பரில் வனிக்கோரோ சேர்ந்தார். பித்தளைப் பீரங்கிகள் கிடைத்தன. வெண்கல மணி ஒன்றும் கிடைத்தது; அதில் "பாசேன் என்னை வார்த்தான்" என்று பிரெஞ்சு எழுத்து.

பாரிஸில் அவற்றை அடையாளம் காட்டியவர் லெசப்ஸ். லா பெரூஸோடு புறப்பட்டு, 1787இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சட்காவில் இறங்கி, குறிப்பேடுகளைச் சைபீரியா வழியே தரைமார்க்கமாகக் கொண்டுவந்தவர், அதனால் பிழைத்தவர். டில்லனுக்குப் பிரெஞ்சு அரசர் பட்டமும் ஓய்வூதியமும் கொடுத்தார்.

அந்த லஸ்கர்? வனிக்கோரோவுக்கு வழிகாட்ட 1826இலேயே டில்லன் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திக்கோபியாவை விட்டு வர மறுத்துவிட்டான்.