இலுப்பை ஏன் அருகிவருகிறது?

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு இடையிலும் வந்திருக்கும் கோயில் செயல் அலுவலர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த வர்த்தகர் சங்கத்தாரே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் செக்குக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்றார்கள். இன்றைக்குச் சர்க்கரை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இலுப்பையைத்தான் தேடுகிறோம். மணல்மேட்டுக்குப் பக்கத்திலே இலுப்பைப்பட்டுக் கோயிலுக்குத் தலமரமே இலுப்பைதான். அந்த வட்டாரத்து மரம் ஏன் குறைகிறது? சாலை, விதை, வௌவால், விலை என்று நான்கு காரணம் சொல்கிறேன்.

சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்கள் போனதை எல்லாரும் பார்த்தீர்கள். விதைக்கு வருகிறேன்.

ஓர் ஊரில் ஏரிக்கரை முழுக்க இலுப்பை வைப்போம் என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். நல்ல எண்ணம். எண்ணெய்க்கடையில் மூட்டையாகக் கொட்டை வாங்கினார்கள். ஐப்பசி மழைக்கு விதைப்போம் என்று சாவடியில் அடுக்கினார்கள். மழை வந்தது, குழி எடுத்தார்கள், மாலை போட்டுப் படம் எடுத்தார்கள், ஆட்டுக்கு வேலி கட்டினார்கள், முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. ஒன்றுகூட முளைக்கவில்லை! மண் சரியில்லை என்றார் ஒருவர், நாள் சரியில்லை என்றார் இன்னொருவர். தோண்டிப் பார்த்தால் கொட்டைக்குள்ளே பருப்பு சுருங்கிக் கறுத்துக் கிடக்கிறது. எண்ணெய்க்குப் போகும் கொட்டையை நன்றாகக் காயவைக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். நடுகிற கொட்டையோ காய்ந்தாலே செத்துவிடும். ஆனி, ஆடியில் பழம் விழும். பொறுக்கிச் சதையைக் கழுவிவிட்டு, ஒரு வாரத்துக்குள் நிழலில் வைத்த பையில் ஓர் அங்குல ஆழத்தில் படுக்கவைத்து ஊன்றுங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும். பை உயரமாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு மழைக்கு 2 அடிக் குழியில், 30 அடி இடைவெளியில் நடலாம். காய்க்கப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம்.

நிற்கிற மரத்தில் புல்லுருவி இருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள், திரும்பத் தழைக்கும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு வெட்டுங்கள்.

வௌவாலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இலுப்பைப் பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் போடுகிற அந்தப் பிராணியை 1972 வனவிலங்குச் சட்டம் எலியோடும் காக்கையோடும் சேர்த்து, கொல்லத் தடையில்லாத தீங்குப் பிராணிகளின் பட்டியலில் வைத்திருந்தது. வௌவால் குறைந்தால் விதை பரவுவதும் குறையும். நேரமில்லை, விலைக்கு வருகிறேன்.

கொட்டைக்கு விலை இருந்த காலத்தில் மரத்தை யாரும் வெட்டவில்லை. கருவறை விளக்கில் இலுப்பெண்ணெய் எரிந்தது. இன்றைக்குப் பாக்கெட் தீப எண்ணெய். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. விளக்கில்லாத இலுப்பைக்கோ வெறும் விறகு விலைதான்! நாளுக்குக் கால் லிட்டர் என்றால் ஆண்டுக்கு 91 லிட்டர், எடையில் சுமார் 82 கிலோ. நான்கு கிலோ பருப்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய் என்று வைத்தால், ஒரே விளக்கு 330 கிலோ பருப்பு வாங்கும். பிண்ணாக்கைத் தலைக்கு அரப்பாகத் தேய்க்கலாம். மீன்குஞ்சு விடுமுன் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லவும் போடுகிறார்கள்.

செயல் அலுவலர் அவர்களே, கோயில் விளக்குக்கு இலுப்பைக் கொட்டை வாங்க வேண்டும் என்ற தீர்மானத்தின் நகல் உங்கள் மேசையில் இருக்கிறது. கொட்டையின் கொள்முதல் விலையை வைகாசி முடிவதற்குள் கோயில் பலகையில் எழுதிவிடுங்கள்; ஆனியிலேயே பழம் விழத் தொடங்கிவிடும்.